நான்காவது நிறுவனம்

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் சென்னியப்பன் சார் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைகிறது. இடது கை மேஜையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது, அங்கே துடைக்க ஒன்றுமில்லை. “உக்காருங்க அம்மிணி, இந்த ஒரு போன முடிச்சுட்டு வந்தர்றேன், இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லீர்றேன்” என்று என்னை முன்னறையில் உட்காரவைத்துவிட்டுப் போனார். எல்லாத்தையும் என்றால் எதை. தெரியாதது மாதிரி எதற்குக் கேட்டுக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிட்டு “ஒரு முடிவுக்கு வந்துட்டேனுங்க” என்று சொன்னபோதே தெரிந்துவிட்டதே. போனை வைத்ததும் எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. முதலில் அது வருத்தம் என்று நினைத்தேன், பிறகு பயம் என்று நினைத்தேன், அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன், துணி ஊறப்போட்டேன், அப்புறம் கண்ணாடியில் தற்செயலாக என் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தது. நான் சிரிக்கவில்லை, முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அந்த முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் அலைகிறேன். கணபதி நிறுத்தத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதுகூட முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டேன், ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. இப்போது அவர் தடுப்பு வழியே என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார், இதோ வந்துவிட்டேன் என்று. நானும் தலையசைக்கிறேன். அவசரமில்லை சார். அவசரமில்லை என்று எப்படி அசைத்துக் காட்டுவது. காத்திருப்பவள் அசைத்தால் எல்லாமே அவசரம் மாதிரிதான் தெரியும்.

என் வேலை இதுதான்: ஒன்று ஏன் பிழைத்தது, இன்னொன்று ஏன் சாகிறது என்று கண்டுபிடிப்பது. மேலாண்மைத் துறையில் முனைவர் பட்டத்துக்கு அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம். தண்ணீர் பம்ப் செய்கிற நாலு நிறுவனங்கள், நாலும் கோயமுத்தூர், நாலும் ஏறக்குறைய ஒரே அளவு, நாலுக்கும் ஒரே பெரிய வாடிக்கையாளர். அந்த வடநாட்டுக் கம்பெனி ஒரே வருஷத்தில் நாலு பேரிடமும் வாங்குவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று இரண்டு வருஷமாகப் போய்ப் போய்ப் பார்க்கிறேன், பேசுகிறேன், பேசியதை எழுத்தாக்குகிறேன், எழுத்தை வரி வரியாக அறுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்கிறேன், பெயர்களை அடுக்கினால் ஒரு நாள் கோட்பாடு தானாக எழுந்து நிற்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று நிறுவனங்கள் எழுந்து நின்றுவிட்டன. சொந்தப் பெயரில் பம்ப் விற்கிறார்கள், ஒருவர் புது ஷெட்டே போட்டுவிட்டார். நான்காவது இது. இது நிற்கவும் இல்லை விழவும் இல்லை. லிடியா மேடம் என் வழிகாட்டி, நல்லவர், எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொடுத்தனுப்புவார். அவர்தான் சொன்னார், “நாலும் பொழச்சுதுன்னா உங்கிட்ட கோட்பாடு இல்லம்மா, வாழ்த்து மடல்தான் இருக்கு. விழுந்த ஒண்ணு வேணும். அத வச்சுத்தான் நின்னது ஏன் நின்னுதுன்னு சொல்ல முடியும்.” சரிதான். முறை அதுதான். ஒவ்வொரு தடவையும் வகுப்பில் நானே அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அந்த ‘வேணும்’ இருக்கிறதே, விழுந்த ஒன்று வேணும், அது எனக்குள் எங்கோ போய் விழுந்து முளைத்துவிட்டது. அதற்குப் பிறகு இந்த கேட்டுக்குள் நுழையும்போதெல்லாம் என் கண் தானாகத் தேடியது. வாசலில் லாரி நிற்கிறதா, இல்லை, நல்லது. இரும்புச் சாமான் குறைந்திருக்கிறதா, ஆமாம், நல்லது. நல்லது என்று நான் சொல்லவில்லை. சொல்லாமலே எழுதிக்கொண்டேன்.

என்ன கண்டுபிடித்தேன் என்று கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடலாம், அவ்வளவு எளிது, அதனால்தான் அழகு என்று லிடியா மேடம் கைதட்டினார். பிழைத்த மூன்று முதலாளிகளும் ஆர்டர் நின்ற உடனேயே தொழிலாளிகளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டார்கள். கையில் வேலை இல்லை, நாம் என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். ஆட்கள் யோசனை சொன்னார்கள், கூடுதலாக உழைத்தார்கள், கடைகடையாக ஏறி பம்ப் விற்றார்கள். நான்காமவர் சொல்லவில்லை. கெட்ட செய்தியை முதலில் சொன்னவன் பிழைத்தான், மறைத்தவன் மெல்ல முங்குகிறான். போன வருஷம் ஒரு மத்தியானம், இதே அறையில், சென்னியப்பன் சார் பேட்டி முடிந்து நான் ரெக்கார்டரை அணைத்த பிறகு கேட்டார். அணைத்த பிறகுதான் மனிதர்கள் கேட்பார்கள். “ஏனுங்க அம்மிணி, நீங்க மத்த மூணு பக்கமும் போறீங்கல்ல. அவங்கெல்லாம் என்ன பண்றாங்க? எப்புடி மேல வந்தாங்க?” அப்போது என் வாயில் அந்த ஒரு வரி இருந்தது. நாக்கின் மேலேயே இருந்தது. “ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி சார்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார், நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று. நான் பையை மூடினேன். லிடியா மேடத்திடம் சொன்னபோது, “கரெக்ட்டா செஞ்ச. நீ மருந்து குடுத்துட்டா அப்புறம் அது நீ பாக்கற நோய் இல்ல, நீ உண்டாக்கின நோய். அவங்க மூணு பேரும் உன்ன நம்பிச் சொன்னது வேற” என்றார். அதுவும் சரி. எல்லாம் சரி. எல்லாரும் சரியாகவே நடந்துகொண்டோம், அவர் இதோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மேஜையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எத்தனை தடவை போனை எடுத்திருப்பேன். சார், ஆட்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள் சார். தட்டச்சு செய்வது, அழிப்பது. சொல்லியிருந்தால் அவர் செய்திருப்பாரா, செய்திருந்தால் நின்றிருக்குமா, நின்றிருந்தால் எனக்கு விழுந்த ஒன்று எங்கிருந்து கிடைத்திருக்கும், இந்தக் கடைசிக் கேள்வி எப்போதும் ஓசைப்படாமல் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே வரும்.

ஒரே மாதிரி இரண்டு, வேறு வேறு முடிவு, அங்கேதான் கோட்பாடு பிறக்கிறது. ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வகுப்பில் லிடியா மேடம் இதைப் பலகையில் எழுதியபோது எழுந்து வெளியே போய்விட்டேன், குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்தில் அழுதேன். யாருக்கும் தெரியாது. ஒரே மாதிரி இரண்டு: அப்பா, பெரியப்பா. பெருந்தொற்றுக் காலத்தில் ஒரே வார்டு, பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஒரே ஆக்சிஜன் குழாய் இரண்டாகப் பிரிந்து இரண்டு மூக்குக்கும் போனது. இரண்டு வயசுதான் வித்தியாசம், இருவருக்கும் சர்க்கரை, இருவரும் தென்காசியில் ஒரே கடையில் உட்கார்ந்தவர்கள், ஒரே சட்டைத்துணியில் தைத்துக்கொள்வார்கள். பெரியப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா இப்போதும் கேட்பாள், அரிசி களையும்போது, துணி மடிக்கும்போது, யாரிடமும் இல்லாமல் கேட்பாள், “ரெண்டு பேத்துக்கும் ஒரே ஊசிதானட்டி போட்டாவ? பெறவு எப்படி?” நான் படித்தவள், பதில் சொல்லவேண்டும். டாக்டர் ஒரு காரணம் சொன்னார், ஜோசியர் ஒரு காரணம் சொன்னார், சித்தி ஒரு காரணம் சொன்னாள், அப்பா முதல் நாளே காய்ச்சலை மறைத்துவிட்டார் என்று. மறைத்தார். இந்தச் சொல்லை நான் எங்கிருந்து எடுத்தேன். கெட்ட செய்தியை முதலில் சொன்னவன் பிழைத்தான். அட. இல்லை, அது வேறு இது வேறு, இது தரவிலிருந்து வந்தது, வரி வரியாக அறுத்து எடுத்தது. அறுத்த கை யாருடையது. பெரியப்பா இப்போது எங்கள் வீட்டுக்கு வந்தால் நிமிர்ந்து பார்க்கமாட்டார், தட்டில் போட்டதை மன்னிப்புக் கேட்பவர் மாதிரித் தின்றுவிட்டுப் போவார். அவருக்கு ஒன்று தெரியும் என்று எனக்குத் தோன்றும். அன்று வார்டு வாசலில், கண் கூசும் வெயில், நர்ஸ் வந்து “ஒருத்தருக்கு ரொம்ப முடியல” என்று சொல்லிவிட்டு யார் என்று சொல்லாமல் உள்ளே போய்விட்டாள், திரும்பி வரும்வரைக்கும் நான் நின்றேன், நின்றுகொண்டு, சாமி, பெரியப்பாவாக இருக்கட்டும் என்று கும்பிட்டேன். என்னைத் தோளில் தூக்கித் தேர் காட்டியவர். இரண்டு இருந்தால் ஒன்று விழவேண்டும், விழுவது மற்றதாக இருக்கட்டும் என்று கேட்கிற மனசு எனக்கு ஆராய்ச்சி கற்றுக்கொடுத்து வந்தது இல்லை. முன்னாலேயே இருந்தது. ஆராய்ச்சி அதற்கு உட்கார நாற்காலி போட்டுக்கொடுத்தது, அவ்வளவுதான்.

பின்னால் ஷெட்டில் மெஷின்கள் ஓடுகிற சத்தம் சுவர் வழியாக முதுகில் தொடுகிறது. முதல் தடவை வந்தபோது இந்தச் சத்தத்தில் பேட்டியே பதிவாகவில்லை, இப்போது ஒவ்வொரு லேத் மெஷினையும் தனித்தனியாகக் கேட்க முடிகிறது. ஒன்று நிற்கிறது. மூச்சு எனக்கு நின்றுவிடுகிறது. சாமானை மாற்றிப் போட்டிருப்பார்கள், மறுபடி ஓடுகிறது. ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான், உள்ளேயிருந்து வருகிற பீப் பீப்பைக் கேட்டுக்கொண்டே இருப்போம், எது யாருடையது என்று தெரியாமல். சொல்லிவிடப் போகிறேன். இன்றைக்கு அவர் வாயைத் திறக்கும் முன்னால் அந்த ஒரு வரியைச் சொல்லிவிடப் போகிறேன். மூடுகிறேன் என்று அவர் சொன்ன பிறகு சொன்னால் அது பிணத்துக்கு மருந்து. முன்னால் சொன்னால் ஒருவேளை. பட்டம் போகட்டும், லிடியா மேடம் என்ன சொன்னால் என்ன, யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் என் முகம் எனக்குத் திரும்பி வந்துவிடும். அதற்காகத்தான் சொல்கிறாயா. எதற்காகவோ, சொல். கதவு திறக்கிறது, எழுந்து நிற்கிறேன், அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து “சொல்றனுங்க, மிசினப் போடுங்க” என்று ரெக்கார்டரைக் காட்டுகிறார்.

“வேண்டாம் சார். நான் ஒண்ணு சொல்லணும்.” குரல் எனக்கே அந்நியமாகக் கேட்கிறது. “போன வருஷம் நீங்க கேட்டீங்களே, மத்தவங்க என்ன செஞ்சாங்கன்னு. அன்னிக்கே எனக்குத் தெரியும் சார். சொல்லல. அவங்க மூணு பேரும் ஆர்டர் நின்ன உடனே ஆளுங்களைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிட்டாங்க. மறைக்கல. அதுலதான் மேல வந்தாங்க. நீங்களும் இப்பவாவது…” அவர் என்னையே பார்க்கிறார். கோபம் வரும் என்று காத்திருக்கிறேன். அவருக்கு ஏதோ புரியாதது மாதிரி நெற்றி சுருங்குகிறது. “நானுஞ் சொன்னேனுங்களே” என்கிறார். “எப்ப சார்?” “ஆர்டர் நின்ன அன்னிக்கே. கடுதாசி வந்துது, கையில எடுத்துட்டு நேரா ஷெட்டுக்குள்ள போய்ட்டேன். எல்லாரும் சாப்புட்டுட்டு இருந்தாங்க. நானும் அங்கியே கீழ உக்காந்து, இந்த மாதிரிங்கப்பா, இனிமே நம்மகிட்ட வேலை இல்ல, என்ன பண்லாஞ் சொல்லுங்கன்னேன். அந்த மூணு பேரும் அதுக்கப்பறந்தான் அவங்கவங்க ஆளுங்ககிட்டச் சொன்னாங்க. நான் சொன்னதக் கேட்டுட்டுத்தான் சொன்னாங்க.” நான் உட்கார்ந்துவிட்டேன். “அப்புறம் என்ன ஆச்சு சார்?” “அப்பறமென்னுங்க. நல்ல வேலைக்காரனெல்லாம் ஒருத்தன் பின்னால ஒருத்தன் போய்ட்டான். எங்க போனான்னா, அந்த மூணு பக்கமுந்தான் போனான். போறவன் மேல தப்பில்லீங்க. கம்பெனி முங்குதுன்னு நானே சொன்னதுக்கப்பறம் அவன் புள்ளகுட்டிக்காரன் என்ன பண்ணுவான்.”

இல்லை, என் தரவில் இல்லை. நான் கேட்டேனே. இங்கே இருக்கிற தொழிலாளிகளிடம் ஒவ்வொருவராகக் கேட்டேனே, முதலாளி உங்களைக் கூப்பிட்டு மீட்டிங் போட்டாரா என்று. மீட்டிங்கெல்லாம் இல்லீங்க என்றார்கள். மீட்டிங் இல்லை. தரையில் உட்கார்ந்து சோற்றுக்கு நடுவில் சொன்னதை யார் மீட்டிங் என்பார்கள். அவரிடமும் கேட்டேன், அவர் “அதெல்லாம் பெருசா ஒண்ணுமில்லீங்க” என்று ஜன்னலைப் பார்த்தார், நான் அந்த வரியை அறுத்து, பக்கத்தில் ‘மறைத்தார்’ என்று எழுதினேன். வெட்கத்தை மறைத்தார் ஐயா, செய்தியை மறைக்கவில்லை. நாலு பேரும் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள், முதலில் செய்தவன் விழுந்திருக்கிறான், மற்ற மூன்றும் நின்றதில் பாதி இவருடைய ஆட்களின் கையால். நாலு தனித்தனி நிறுவனம் என்று நான் போட்ட கட்டங்களுக்கு நடுவே ஆட்கள் நடந்து போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, நான் கோடு மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். சரி, அப்படியானால் அதுதான் காரணமா, முதலில் சொன்னதுதான் தப்பா? அதுவும் இல்லை, அந்த மூன்றில் இவருக்கு அடுத்ததாகச் சொன்னவரிடமிருந்து ஏன் ஒருவரும் போகவில்லை. பம்ப் நல்லதா, முகராசியா, அன்றைக்குச் சாப்பாட்டில் என்ன குழம்பு. பிடித்து நிறுத்த ஒன்றும் அகப்படவில்லை. ஒரு வருஷமாக நான் ஒளித்து வைத்திருந்த மருந்து, அதற்காக என்னை நானே தின்றுகொண்டிருந்த மருந்து, அது மருந்தே இல்லை. எனக்கு நிம்மதி வரவேண்டும். வரவில்லை. அதைவிடப் பெரியதாக ஒரு இருட்டு, வாசலே இல்லாத ஒன்று, வந்து பக்கத்தில் உட்காருகிறது.

“அப்ப எனக்கு மட்டும் ஏனுங்க இப்புடி ஆச்சு?” அவர்தான் கேட்கிறார். மெதுவாக, நிஜமாகவே பதில் எதிர்பார்த்து. “ஆடிட்டர் ஒண்ணு சொல்றாரு, மாப்ள ஒண்ணு சொல்றாரு. நீங்க ரெண்டு வருசம் உக்காந்து எல்லாத்தையும் பாத்திருக்கறீங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்.” ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். சந்தை அப்படி சார், உங்கள் தப்பில்லை சார். பத்துக் காரணங்கள் வரிசையில் வந்து நிற்கின்றன, எல்லாம் இஸ்திரி போட்ட சட்டையோடு. “தெரியல சார்” என்றேன். “தெரியலீங்களா?” “நெஜமாவே தெரியல.” இப்போதுதான் கோபம் வந்தது அவருக்கு, காது மடல் சிவந்தது. “அப்பறம் எதுக்குங்க இத்தன நாளு வந்துட்டு இருந்தீங்க?” இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும், தெரிந்த ஒரே பதில் அதுதான், அதை விழுங்கினால் இனி எதுவும் தொண்டையில் இறங்காது. “நீங்க மூடுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன் சார். என் ஆராய்ச்சிக்கு மூடின கம்பெனி ஒண்ணு வேணும். வரும்போதெல்லாம் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.” சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கமுடியாமல் அவர் செருப்பைப் பார்த்தேன். வார் பிய்ந்து கம்பியால் முடிந்திருந்தது. வெளியே போ என்று சொல்லட்டும். அவர் மூச்சு விடுகிற சத்தம், நெடுநேரம் அடக்கி வைத்திருந்தவர் விடுகிற மாதிரி. “நானும் அதுக்குத்தானுங்க காத்துட்டு இருந்தேன்” என்றார். “காத்தால கேட்டுக்குள்ள வண்டிய விடறப்பெல்லாம், இன்னிக்காவது முடியட்டும், இன்னிக்காவது முடியட்டும்னு. பொண்டாட்டிகிட்டக்கூடச் சொன்னதில்ல. பெத்த புள்ள சாவட்டும்னு கும்பிட்ட மாதிரி இருந்துச்சு.” கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே எழுந்தார். “இடத்த விக்கறதுக்குப் பேசி முடிச்சாச்சு. எல்லாருக்கும் குடுக்க வேண்டியதக் குடுத்தர்லாம். அது பிரச்சினையில்ல. அன்னிக்குச் சொன்னப்ப எந்திரிச்சுப் போனவனெல்லாம் நல்லா இருக்கறான். என்னை நம்பி நின்னானுங்க பாருங்க, அவங்ககிட்ட இன்னிக்குச் சொல்லோணும். காத்தாலருந்து ரெண்டு வாட்டி அந்தக் கதவு வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்துட்டேன்.” ஷெட் கதவைக் காட்டி, “கூட வர்றீங்களா” என்றார். பார்ப்பதற்காகவா என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை, அவருக்குத் தனியாக நடக்க முடியவில்லை. பையையும் ரெக்கார்டரையும் நாற்காலியிலேயே வைத்துவிட்டு அவர் பின்னால் போனேன்.

ஷெட்டுக்குள் வெக்கையும் எண்ணெய் வாடையும். அவர் நடுவில் போய் நின்றார், நான் கொஞ்சம் தள்ளி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். வாசலுக்குப் பக்கத்தில் இருந்தவர் முதலில் நிமிர்ந்தார், முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி முதலாளியைப் பார்த்தார், மெஷினை நிறுத்தினார். அந்தச் சத்தம் அடங்கியதில் அடுத்தவர் திரும்பினார். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். ஒவ்வொன்றாக நின்றது, யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். கோடியில் ஒரே ஒரு லேத் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு வயசாளி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார், இரும்புச் சுருள் பளபளவென்று அவர் காலடியில் விழுந்துகொண்டிருந்தது. “ஆறுச்சாமிக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க” என்றார் சென்னியப்பன் சார் என்னிடம், மிக மெதுவாக. பக்கத்து மெஷின்காரர் கையை நீட்டினால் அவர் தோளைத் தொட்டிருக்கலாம். நீட்டவில்லை. யாரும் நீட்டவில்லை. அவர் அந்தச் சாமானை முடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தியாகக் கீழே வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்து மாட்டினார். நாங்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம்.